வகுத்தால் குறையாதது

செல்போன் கோபுர நிலையங்களைப் பிரித்துப் போடும்போது வெளியே வரும் பழைய சாமான்களில் ஒரு சின்ன உலோகப் பெட்டி உண்டு. ருபீடியம் ஆஸிலேட்டர். என்னைப் போன்ற ஹாம் வானொலிக்காரர்களுக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கண். மின்சாரம் கொடுத்தால் முதலில் நன்றாகச் சூடேறும். சில நிமிடங்களில் நிலைக்கு வந்து நொடிக்கு ஒரு கோடி அலை, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ், கொடுக்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ருபீடியம் ஆவி நொடிக்கு 683 கோடியே 46 லட்சத்துச் சொச்சம் என்ற அதிர்வெண்ணுக்குத்தான் மசியும். அந்தப் பிடிவாதத்தை வைத்து ஒரு குவார்ட்ஸ் படிகத்தை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகச் சரிபார்த்தால் பிசகை ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் நிறுத்திவைக்கலாம்.

இவ்வளவு துல்லியம் கைக்கு வந்த பிறகு, இதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் 10 மெகாஹெர்ட்ஸை அப்படியே வாங்கிக்கொள்ளும். பழைய ரிசீவரின் டயலைச் சரிபார்க்க 100 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். கடிகாரத்துக்கு நொடிக்கு ஒரு துடிப்பு போதும். ஆகவே வகுக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பது ஃப்ளிப்-ஃப்ளாப் என்ற சுற்றின் வேலை. எக்கிள்ஸ், ஜோர்டான் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1918-இல் வால்வுகளைக் கொண்டு இதைச் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மேல், கீழ் என்று நிலை மாறும். ஆக இரண்டு அலை உள்ளே போனால் ஓர் அலை வெளியே வரும். பழைய கணக்கு வாய்ப்பாட்டில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவார்களே, அதே இறக்கம்தான். கைக்கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 தடவை துடிக்கிறது. பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சம் சரியாக 1. முள் ஒரு அடி நகர்கிறது.

ஒரு கோடியைப் பாதி பாதியாக இறக்கினால் ஒன்றில் வந்து நிற்காது. பத்துப் பத்தாக இறக்க வேண்டும். ரிச்சி தெருவில் நான் வாங்கியது 74எச்சி390 என்ற ஐசி. அதற்குள் இரண்டு கவுன்ட்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டால் வகுக்கும் பகுதி தனி, ஐந்தால் வகுக்கும் பகுதி தனி. எதை முன்னால் வைப்பது என்பது நம் இஷ்டம். எப்படி வைத்தாலும் பத்துதானே என்று தோன்றும். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஐந்தால் வகுத்துவிட்டு இரண்டால் வகுத்தால் அலை பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. வரிசையை மாற்றினால் பத்தில் இரண்டு பங்கு மட்டும் மேலே, எட்டுப் பங்கு கீழே. எண்ணிக்கை மாறவில்லை, உருவம் மாறிவிட்டது.

ரேடியோவில் உருவத்துக்கு விலை உண்டு. 100 கிலோஹெர்ட்ஸை ஒரு துண்டுக் கம்பியில் விட்டு ரிசீவரின் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்தால், டயல் நெடுக 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு விசில் கேட்க வேண்டும். சமமான சதுர அலையை விட்டால் 3.5, 3.7, 3.9 மெகாஹெர்ட்ஸில் விசில் கணீரென்று கேட்கும். 3.6-இலும் 3.8-இலும் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும், ஏனென்றால் அந்த அலையில் இரட்டைப்படை மடங்குகள் இல்லை. இரண்டுக்கு எட்டு அலையை விட்டால் இவை வந்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஐந்தாவது மடங்கும் போய்விடும், 3.5-இலும் 4.0-இலும் மௌனம். நாங்கள் பேசும் ஹாம் பேண்ட் தொடங்குகிற இடமே 3.5 தான். கடைசியில் ஒரு கேட் ஐசியைச் சேர்த்து, அலையின் ஏறுமுகத்தில் மட்டும் மெல்லிய ஊசித் துடிப்பாக எடுத்தால்தான் எல்லா இடத்திலும் விசில் கிடைக்கும்.

வகுத்தால் துல்லியம் கூடுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். கூடாது, குறையவும் செய்யாது. 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த பிசகு, 100 கிலோஹெர்ட்ஸில் லட்சத்தில் ஒரு பங்காகிறது. விகிதம் அதேதான். ஆனால் அலையோடு ஒட்டிக்கொண்டு வரும் நடுக்கம், ஃபேஸ் நாய்ஸ் என்கிறோமே, அது வகுக்க வகுக்க அடங்கும். இரண்டால் வகுத்தால் 6 டெசிபெல், பத்தால் வகுத்தால் 20. ஐசியின் சொந்த இரைச்சல் குறுக்கே வரும்வரை இந்தக் கணக்கு செல்லும். பெருக்கினால் இதே கணக்கில் ஏறும்.

பெருக்கலின் தொல்லையைக் கியூஓ-100 கேட்பவர்கள் நன்றாக அறிவார்கள். 2018 நவம்பரில் விண்ணுக்குப் போன கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று இருக்கும் டிரான்ஸ்பாண்டர் அது. தமிழ்நாட்டிலிருந்து டிஷ்ஷை மேற்கே திருப்பினால் எட்டும். 10,489 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கும் அதன் சிக்னலை, டிஷ்ஷின் முன்னால் பொருத்தியிருக்கும் எல்என்பி என்ற கருவி 9,750 கழித்துக் கீழே இறக்கித் தருகிறது. அந்த 9,750 எங்கிருந்து வருகிறது? 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 390 மடங்கு பெருக்கி. மொட்டைமாடி வெயிலில் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் இங்கே கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் ஓடிவிடும். ஒரு குரலுக்கு ஒதுக்கிய இடமோ மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. பேசிக்கொண்டிருப்பவரின் குரல் கீச்சிட்டு, புரியாமல் போய், பிறகு காணாமலே போகும்.

படிகத்தை எடுத்துவிட்டு ருபீடியத்தின் பிடியில் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸைக் கொடுப்பதுதான் வழி. பத்து, இருபத்தைந்துக்குள் முழுசாக அடங்காது. அதனால் இங்கேயும் வகுத்தலே கைகொடுக்கிறது. பத்தை இரண்டால் வகு, ஐந்து. இருபத்தைந்தை ஐந்தால் வகு, அதுவும் ஐந்து. இரண்டு ஐந்துகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முந்துகிறதா பிந்துகிறதா என்று பார்த்து 25-ஐத் திருத்திக்கொண்டே இருக்கலாம். பிஎல்எல் செய்வது இதைத்தான்.

வகுக்கும் சுற்றிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே: தன் சரக்கு எதையும் கலக்கக் கூடாது. அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு கவுன்ட்டர் அடுத்ததைத் தட்ட, அது அதற்கடுத்ததைத் தட்ட, ஒவ்வோர் இடத்திலும் சில நானோநொடி தாமதம் சேரும். தாமதம் நிலையாக இருந்தால் பரவாயில்லை. மின்விசிறியைப் போட்டாலும், வோல்டேஜ் லேசாக ஏறி இறங்கினாலும் அது மாறும். இதற்கு மருந்து 74எச்சி74 என்ற இன்னொரு ஃப்ளிப்-ஃப்ளாப். இறங்கி வந்த துடிப்பை உடனே வெளியே விடாமல், மூல 10 மெகாஹெர்ட்ஸின் அடுத்த விளிம்பு வந்த பிறகே விடும். நடுவில் சேர்ந்த தடுமாற்றம் அத்தோடு போயிற்று.

இத்தனையும் செய்து ஏழு பத்துகள் இறங்கினால், ஒரு கோடி அலைக்கு ஒரு துடிப்பு வருகிறது. நொடியின் நீளம் இவ்வளவு என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் கரண்ட் போய் வந்தால், கவுன்ட்டர் எந்த அலையிலிருந்து எண்ணத் தொடங்கியது என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒரு கோடி இடங்களில் எங்கே வேண்டுமானாலும் அந்த டிக் விழலாம். நொடி எங்கே தொடங்குகிறது என்பதை ஜிபிஎஸ்ஸின் துடிப்பிடம் கேட்டுத்தான் கவுன்ட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை யார் தயவும் இல்லாமல் எண்ணிவிடலாம், எத்தனை மணி என்பதை மற்றவரிடம் கேட்டே ஆக வேண்டும். மேசையில் ருபீடியம் வைத்திருப்பவனுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.