பொங்கலன்று ஓடிய ரயில்

ஓட்டம் என்றால் முந்துவதற்குத்தான் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்து நூறு மீட்டர் பந்தயம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் உலகத்தில் பண்டிகை நாள் ஓட்டம் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தார் 1896-ஆம் ஆண்டு முதல், நன்றி கூறும் திருநாளன்று காலையில் ஓடிவிட்டுத்தான் விருந்துக்கு உட்காருகிறார்கள். பிரேஸில் நாட்டின் சாவோ பாலோ நகரில் 1925-இல் தொடங்கிய ஓட்டம் ஆண்டின் கடைசி நாளில் நடைபெறுகிறது. சான்பிரான்சிஸ்கோவிலோ 1912-இல் ஆரம்பித்த ஓட்டத்தில் வேஷம் கட்டிக்கொண்டு ஓடுவோர் ஏராளம். பண்டிகைச் சோற்றைக் காலையிலேயே கால்களால் சம்பாதித்துவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விஜயபுரம், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் அன்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் ஓடுகிறோம். விசைத்தறி ஓட்டுகிறவர் நால்வர், ஆசிரியர் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர், மற்றவர்கள் என்னைப் போல ரயில்வே ஊழியர்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவரும் எங்களுள் உண்டு. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனபோது, தாம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வெளி மாநிலத்தவராகிவிட்ட குடும்பத்தாரும் உண்டு. நகரி மலையின் மூக்கைப் பார்த்துக்கொண்டே ஓடுவோம். யாருக்காவது கால் பிசகினால் கவலையில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் தென்னாடெங்கும் பேர் பெற்ற புத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்தத் தைரியத்தில்தான் குழுவே நடக்கிறது என்று ஆசிரியர் சொல்வார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீமேன் வேலை என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தண்டவாளத்தைக் கட்டைகளோடு பிணைக்கும் சாவிகள் வண்டி ஓட ஓடத் தளரும். சுத்தியலும், ஸ்பேனரும், சிவப்பு, பச்சைக் கொடிகளும் எடுத்துக்கொண்டு, தமக்குரிய ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் பாதையை நாள்தோறும் நடந்து, தளர்ந்த சாவியை இறுக்குவதே கீமேன் தொழில். குனிந்த தலையோடு முப்பது வருஷம் நடந்தவர் அவர்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவருடைய மனைவியார் காலமானார். அதன்பின் பெரியவர் வாசல் திண்ணையைத் தாண்டவில்லை. 2022-இல் துக்க வருஷமாகையால் அந்த வீட்டில் பொங்கல் இல்லை. அடுத்த தை நெருங்கியதும் மருமகள் புதுப்பானை வாங்கி வந்து வைத்தாள். பெரியவர் பானையைப் பார்த்தார். அன்று மாலையே என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, பொங்கலன்னிக்கு நான் வீட்டில இருக்கப் போறதில்லை. எங்கேயாவது போகணும். பாஸ் எழுதிக் கொடு" என்றார்.

ஓய்வு பெற்றவருக்கும் அவர் துணைவியாருக்கும் ஆண்டுதோறும் ரயிலில் இலவசமாகப் பிரயாணம் செய்ய உரிமை உண்டு. அந்தத் தம்பதிகள் அதைப் பயன்படுத்தியதேயில்லை. திருத்தணிக் கிருத்திகைக்குக்கூட டிக்கட் வாங்கிக்கொண்டு போவார்களாம். இப்போது பாஸ்கள் கணினியில்தான் தயாராகின்றன. விவரங்களைத் திரையில் பார்த்தேன். இரண்டு பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. அவரும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். "நீதான் சொல்லேன்" என்றார்.

மும்பை மாரத்தான் 2023 ஜனவரி 15-ஆம் தேதி, சரியாகப் பொங்கலன்று வந்தது. கொரோனாவால் முந்திய இரண்டு ஆண்டுகள் நடைபெறாமல், மறுபடியும் நடந்த ஓட்டம் அது. அன்று ஓடியவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அதில் முழு ஓட்டம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஆனால் "ட்ரீம் ரன்" என்று ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓட்டமும் ஒன்று உண்டு. இதில் நேரம் குறிப்பதில்லை. முந்தியவருக்குப் பரிசும் இல்லை. வேஷம் போடலாம், நடக்கலாம், நின்று வேடிக்கை பார்க்கலாம். அறச்செயல்களுக்கு நன்கொடை திரட்டுவோர் பலர் இதிலே ஓடுகிறார்கள். எங்கள் குழுவினர் இதற்கு முன்னமே பெயர் கொடுத்திருந்தார்கள். வேலை காரணமாக வர முடியாமற்போன ஒருவருக்காகப் பதிவு செய்திருந்த இடத்தைப் பெரியவருக்கு முறைப்படி மாற்றிக் கொண்டோம். "ஆறு கிலோமீட்டர்தானா? என் பீட் தூரம்!" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை இரவு ரேணிகுண்டாவில் வண்டி ஏறினோம். போகிப் பண்டிகை முழுவதும் வண்டியிலேயே கழிந்தது. 1871-இல் சென்னையிலிருந்து வந்த பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் கைகோத்த ராய்ச்சூரை நான் ஆவலோடு காட்டினேன்; என் சகாக்கள் சீட்டாட்டத்திலிருந்து தலை தூக்கவில்லை. பெரியவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துத் தண்டவாளத்தையே 1,100 கிலோமீட்டருக்கு மேல் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓட்டம் சத்திரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ஸ்டேஷனுக்கு எதிரே தொடங்குகிறது. நம் நாட்டின் முதற் பிரயாணி ரயில் 1853 ஏப்ரல் 16-இல் இந்த வட்டாரத்துப் போரிபந்தரிலிருந்துதான் தானாவுக்குப் புறப்பட்டது. ஆகையால் எங்கள் வேஷமும் ரயிலாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தோம். அட்டைப் பெட்டிகளை வெட்டி நீல வர்ணம் பூசி, பதினொருவரும் ஒரு கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றோம். மருந்துக் கடைக்காரர் உடம்பு சற்றுப் பருத்தவராகையால் எஞ்சின் பதவி போட்டியின்றி அவருக்குக் கிடைத்தது. கடைசியில் விசிலும் கொடிகளுமாகப் பெரியவர், அவரே கார்டு. 2022 ஜனவரியில் ரயில்வே போர்டு கார்டு என்ற பெயரை எடுத்துவிட்டு டிரெயின் மேனேஜர் என்று வைத்திருக்கிறது. இதைச் சொன்னேன். "மேனேஜருக்கு யாரப்பா பயப்படுவான்?" என்று கேட்டுவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் நாங்கள் யோசிக்காத ஒரு விஷயம் இருந்தது. கார்டை விட்டுவிட்டு வண்டி போக முடியாது. பச்சைக்கொடி மட்டும் போதும் என்று சொல்லியும் கேளாமல், இரண்டு கொடியும் இல்லாமல் லைனில் இறங்கலாகாது என்று சிவப்பையும் எடுத்து வந்திருந்தார். புறப்பட்ட நூறு கஜத்திலேயே விசில் ஊதிச் சிவப்பைக் காட்டினார். மூன்றாம் பெட்டியின் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது. "சாவி தளர்ந்திருக்கு. இறுக்கிட்டுப் போ" என்றார். அந்தக் கண் தரையைவிட்டு எழவேயில்லை. எங்களோடு நில்லாமல், பக்கத்தில் ஓடிய முன்பின் தெரியாதவர்களையும் விசில் ஊதி நிறுத்தினார். ராவணன் வேஷத்தில் வந்த ஒருவர் பத்துத் தலையோடு குனிய முடியாமல் தவித்தபோது, பெரியவரே உட்கார்ந்து அவருக்குக் கயிறு கட்டிவிட்டார். தமிழும் மராத்தியும் ஒன்றுக்கொன்று தெரியாமலே இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். பின்னால் வந்த கூட்டமெல்லாம் எங்களைக் கடந்து போயிற்று. கைத்தடி ஊன்றிய பாட்டி ஒருவரும் கடந்து போனார். எங்கள் எஞ்சினுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது.

மரீன் டிரைவ் வந்ததும் மறுபடியும் சிவப்புக்கொடி. திரும்பிப் பார்த்தோம். யாருடைய கயிறும் அவிழவில்லை. பெரியவர் கடற்கரைச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தார். மேற்குக் கடலை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இளைஞர்கள் இருவர் அவரை அழைக்கப் புறப்பட்டார்கள், ஆசிரியர் தடுத்துவிட்டார். நாங்கள் கயிற்றைப் பிடித்தபடியே வெயிலில் நின்றோம். அட்டைப் பெட்டி வியர்வையில் நனைந்து மசிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். "அவளுக்கும் ஒரு பாஸ் இருந்தது" என்றார், கடலைப் பார்த்தபடியே. பிறகு எழுந்து பச்சைக்கொடியை விரித்தார். வண்டி புறப்பட்டது.

அன்று முழு மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பிய வீரர் ஹெய்லே லெமி எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 7 நிமிடம் 32 விநாடி. எங்கள் ரயில் அதில் ஏழில் ஒரு பங்கு தூரத்தைக் கிட்டத்தட்ட அதே நேரத்தில் முடித்தது என்று மருந்துக் கடைக்காரர் இன்றும் எல்லாரிடமும் கூறுகிறார். சொல்லும் முறையில்தான் இருக்கிறது!

முடித்த கையோடு லோக்கல் வண்டி பிடித்துச் சயானில் இறங்கினோம். எங்களுள் ஒருவருடைய மைத்துனர் தாராவியில் குடியிருக்கிறார். அங்கே தொண்ணூறு அடிச் சாலையில் பொங்கல் வைக்கும் காட்சியை நம் குடும்பத்தார் எல்லாரும் ஒருமுறை பார்க்கவேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள். தெருவிலேயே அடுப்புகள் வரிசையாக எரிகின்றன. கரும்பும் மஞ்சள் கொத்தும் நிறைந்திருக்கின்றன. புகையிலே மும்பை மறைந்துபோகிறது. மைத்துனர் வீட்டுப் பானையில் நுரை கட்டியபோது பெண்கள் குலவையிட்டார்கள். அதே நேரத்தில் என் காதருகே விசில் சத்தம் கிளம்பிற்று. பெரியவர் பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டாவது பானை பொங்கினதை யாரும் கவனிக்கவில்லை.

இலையில் உட்காருமுன் என் டெலிபோனை வாங்கி ஊருக்குப் பேசினார்.

"பானை பொங்கிச்சாம்மா?"

"பொங்கிச்சு மாமா."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கே."

"சரி, சரி" என்றார். "எனக்குக் கொஞ்சம் எடுத்து வை. செவ்வாய்க்கிழமை வந்துடறேன்." இரண்டு நாள் பழைய பொங்கலை என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் விடியற்காலையில் புத்தூர்ச் சாலைக்கு அவரும் வருகிறார். ஓடுவதில்லை, கடைசியில் நடந்து வருகிறார், இரண்டு கொடிகளையும் வைத்துக்கொண்டு. விசைத்தறி வாலிபர்கள் இருவர் வேகமாக முன்னால் ஓடிப் பார்த்தார்கள். விசில் சத்தம் கேட்டால் நிற்காமல் போகக் கால் வரவில்லையாம். நான் மட்டும் இப்போது கயிறில்லாத காலணி வாங்கிக்கொண்டேன்.