ஆண்டுச் சாமானும் பங்குனி வெயிலும்

மொத்தமாக மளிகை வாங்குவது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், கிலோவுக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்ற கணக்கில்தான் அது போய் நிற்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே பல ஆலைகள் சிப்பத்தில் ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோவாகக் கட்டத் தொடங்கின. அந்த ஒரு கிலோ வரியைத் தவிர்த்தது. அரிசியில் வண்டு வராமல் இருக்கும் நாட்களில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. ஒரு பொருளை எவ்வளவு வாங்கி வைக்கலாம் என்பதை விலை முடிவு செய்யக் கூடாது என்பதே என் கட்சி. அதனுள் இருக்கும் ஈரமும் எண்ணெயும்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் மலிவுக்காக வாங்கிக் குவித்ததில் கால் பங்கு குப்பைக்குப் போனால், மிச்சம் பிடித்த ரூபாயும் அதோடு போயிற்று.

ஈரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது டெல்டா விவசாயிக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரம்பு. ஐப்பசி மழையில் அறுத்த குறுவை அந்த வரம்பைத் தாண்டிவிடும். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவதும், குவியலின்மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டு விவசாயி காத்துக் கிடப்பதும் மழை பெய்யும் ஆண்டெல்லாம் நடக்கிறது. மாதக்கணக்கில் சேமிப்பதற்கோ 17கூட அதிகம். 14க்குக் கீழே வர வேண்டும், 12 என்றால் இன்னும் நல்லது. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு அதனுள்ளேயே தின்று வளர்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். தானியம் நன்றாக உலர்ந்திருந்தால் இந்த வேகம் மட்டுப்படும். ஈரத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி தானியத்தையும் வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பையும் போட்டுக் குலுக்கிச் சில நிமிடம் வைக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே விழுந்தால் வைக்கலாம். மூட்டை வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்குமுன் ஒரு அரிசியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. உலர்ந்த அரிசி கடுக்கென்று உடையும், ஈர அரிசி நசுங்கும். அந்தப் பழக்கத்தை நாம் விட்டிருக்கக் கூடாது.

எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பமானது. சிறுதானியத்தின் மீது இப்போது வந்திருக்கும் ஆர்வத்தில், கம்பு மாவைக் கிலோக் கணக்கில் வாங்கி டப்பாவில் அடைத்து வைக்கிறார்கள். கம்பில் கொழுப்பு அதிகம். முழுத் தானியமாக இருக்கும்வரை அது பத்திரமாக இருக்கிறது. அரைத்த உடனே அதிலுள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்க, சில நாட்களிலேயே மாவு கசக்கிறது. ஆகவே கம்பை மூட்டையாக வாங்குங்கள், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கேழ்வரகு நேர் எதிர்: கொழுப்பு குறைவு, மணி சிறியது, பூச்சி அவ்வளவு எளிதில் அண்டாது, முழுத் தானியமாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தீட்டிய அரிசியில் எண்ணெயுள்ள தவிடு போய்விட்டதால் அது நாள்பட்டாலும் தாங்குகிறது, பழைய அரிசிச் சோறு உதிரியாகவும் வருகிறது. கைக்குத்தல் அரிசியை அந்த நம்பிக்கையில் வாங்கி அடுக்கினால் சில மாதத்தில் சிக்கு வாடை வரும். கடலையைத் தோலோடு வைத்தால்தான் நிற்கும். முழுதாக வைத்தால் நிற்கும் என்ற விதி பருப்பில் தலைகீழாகிறது. பயறு வண்டு உடையாத முழுப் பயறின் வழவழப்பான மேல்தோலில்தான் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த ஒட்டுதல் வயலிலேயே தொடங்கிவிடுகிறது. உடைத்துத் தோல் நீக்கிய பருப்புக்கு இந்த வண்டின் தொல்லை மிகவும் குறைவு. துவரையைச் செம்மண் கட்டி, காயவைத்து, பிறகு உடைத்து வைத்த முறைக்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் பருப்புக்கும் வயது உண்டு. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் நாள்பட்ட துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மலராது. ஆறு மாதத்துக்கு மேல் அதை அடுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எப்போது வாங்குவது என்பதும் இதே கணக்கில் அடங்கியதுதான். மாசி, பங்குனி மாதங்களைப் பாருங்கள். புதுப் புளி சந்தைக்கு வருகிறது. ராமநாதபுரத்து முண்டு மிளகாய் களத்தில் காய்கிறது. ஈரோட்டு மஞ்சள், மல்லி, புதுத் துவரை எல்லாம் அதை ஒட்டித்தான் வருகின்றன. வரத்து அதிகமாகி விலை இறங்கும் அந்த நாட்களிலேயே வெயிலும் உச்சத்தை நோக்கிப் போகிறது. வாங்கியதை மறுபடி ஒரு முறை காயவைத்து, கல் மண் பொறுக்கி அடைக்க அதைவிடத் தோதான காலம் கிடையாது. ஐப்பசியில் காற்றே ஈரமாகிவிடும். அப்போது வாங்கும் மிளகாய் கையில் துவண்டு கிடக்கும், உலுக்கினால் விதை சத்தம் கேட்காது. அதில் பூசணம் பிடித்தால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மிளகாயிலும் கடலையிலும் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும், சமையல் சூட்டில் அழியாது. அரிசி மட்டும் வெயிலுக்கு விதிவிலக்கு. நேர் வெயில் பட்டால் மணி வெடித்து நொறுங்கும் என்பதால் அதை நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

உலர்த்தி வைக்கும் காய்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சுண்டைக்காயை லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படிச் செய்கிறார்கள். இதில் மூன்று காவல்கள் ஒன்றுசேர்கின்றன: மோரின் புளிப்பு, உப்பு, வெயில். சின்ன வெங்காயத்தைப் பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலையோடு பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள்தோறும் பிரித்துப் பிரித்துக் காயவைக்கும் வடகமும் அப்படித்தான். உருண்டை வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதனால்தான் மாலையில் உருட்டியதை மறுநாள் உடைத்துக் காயவைக்கிறார்கள். இத்தனை உழைப்பும் கடைசி ஐந்து நிமிடத்தில் வீணாவதுண்டு. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடினால், இரவில் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த நீர் வத்தலின்மேல் சொட்டும். நன்றாக ஆறவிட்டு மூட வேண்டும். மழைக்காலத்தில் பெரிய டப்பாவைத் தினமும் திறக்கக் கூடாது. மாதத்துக்கு வேண்டியதைச் சின்னப் புட்டியில் எடுத்து வைத்துக்கொண்டால் மீதி நமுத்துப் போகாது.

இந்த அறிவை நாம் வத்தல் குழம்போடு நிறுத்திக்கொண்டதுதான் எனக்குக் குறை. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. விலை விழும் மாதங்களிலோ அதே தக்காளியைப் பறிகூலிகூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிறார்கள். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். பத்துக் கிலோவைக் காயவைத்தால் ஒரு கிலோவுக்கும் குறைவாக ஒரு டப்பாவில் அடங்கிவிடும். 2019 டிசம்பரில் வெங்காயம் நூறைத் தாண்டியபோது வடகம் இருந்த வீட்டில் தாளிப்பு நிற்கவில்லை. குஜராத்தில் மஹுவா என்ற ஊரைச் சுற்றி வெங்காயத்தை உலர்த்தும் ஆலைகள் நிறைய இருக்கின்றன. சரக்கின் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு போகிறது. நம் சமையலறைகள் மலிவு நாளில் வாங்கி உலர்த்தவும் இல்லை, உலர்ந்ததை வாங்கவும் இல்லை.

உலர்ந்த காயில் சத்து ஏது என்று கேட்பார்கள். வைட்டமின் சி பெருமளவு போய்விடுவது உண்மை. உப்பில் ஊறிய வத்தல் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதும் உண்மை. வத்தல் கீரைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. காய் விலை ஏறும் வாரங்களில் வெறும் ரசத்தோடு நிற்காமல் காக்கும் துணை அது. முருங்கைக்கீரையை உப்பில்லாமல் நிழலில் உலர்த்தினால் இரும்பும் சுண்ணாம்பும் அப்படியே நிற்கின்றன. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சாமான் வருகிறதே என்பது அடுத்த கேள்வி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றுக்கு வண்டி போகவில்லை. அப்படிப்பட்ட நாளில் மின்சாரமும் அடுப்பும்கூட நம்பமுடியாதவை. ஆகவே வைப்பில் ஒரு பங்கு அடுப்பில்லாமல் தின்னக் கூடியதாக இருக்க வேண்டும்: அவல், பொரி, பொட்டுக்கடலை, வறுத்து அரைத்த சத்துமாவு. எல்லோரும் வாங்கி அடுக்கினால் பஞ்சம் வராதா என்று கேட்பதும் நியாயமே. ஊரடங்கு அறிவித்த இரவில் ஓடிப்போய் வாங்குவது பிறர் பங்கைப் பறிப்பது. அதை நான் ஆதரிக்க மாட்டேன். வரத்து மிகுந்த பங்குனியில் வாங்கியவர்களோ அந்த இரவில் வரிசைக்கே வருவதில்லை, இல்லாதவர்களுக்கு இடம் விடுகிறார்கள்.

என்னை உண்மையிலேயே சங்கடப்படுத்தும் எதிர்வாதம் ஒன்றுதான். தினக்கூலி வாங்கும் வீட்டில் ஒரே நாளில் நாலாயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்? ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் பாக்கெட் வாங்குகிற அவர்கள்தான் கிலோவுக்கு எல்லோரையும்விட அதிக விலை கொடுக்கிறார்கள். வைக்க உயரமான, நனையாத இடமும் அவர்களுக்கு இல்லை. தனி வீட்டுச் சிக்கனத்தால் இது தீராது. ஆனால் வழி அவர்கள் கையிலேயே பாதி இருக்கிறது. மாதாமாதம் கட்டித் தீபாவளிக்குச் சாமான் வாங்கும் மளிகைச் சீட்டு எத்தனையோ தெருக்களில் நடக்கிறது. அது முதிர்வது ஐப்பசியில், விலையும் ஈரமும் கூடிய மாதத்தில். பலகாரச் சாமானுக்குத் தீபாவளிச் சீட்டு இருக்கட்டும். புளி, மிளகாய், மல்லி, பருப்புக்கு ஒரு சீட்டைப் பங்குனியில் முதிரும்படி மகளிர் குழுக்கள் நடத்தலாம். இருபது வீடு சேர்ந்து களத்திலேயே மிளகாய் வாங்கி, ஊர்ப் பொதுக் கட்டடத்தின் மொட்டை மாடியில் காயவைத்து, உப்புப் பாட்டிலில் பருப்பைச் சோதித்து, நிறுத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இடமில்லாத வீடுகளின் பங்கைக் குழுவின் தகர டிரம்மிலேயே பெயர் எழுதி வைத்து மாதாமாதம் அளந்து கொடுக்கலாம்.