கோப்பு உள்ளவரை

ஒவ்வொரு மே மாதமும் எனக்கு ஒரு பட்டியல் வரும். ஜூன் 30-ஆம் தேதியோடு உரிமம் முடிகிற படங்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் படம் வாங்கும் வேலை எனக்கு. வாங்குவது என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரு வருஷத்துக்கு, மிஞ்சினால் மூன்று வருஷத்துக்கு, வாடகைக்கு வந்தவை.

டிவிடி காலத்தில் இந்த வம்பு இல்லை. முறையாக வாங்கிய பிரதியை இரவல் கொடுக்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். இங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஸ்ட்ரீமிங்கில் கைக்கு எதுவும் வருவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் நமக்குச் சட்டம். "நம்மிடம் இருக்கிற டிவிடியை நாமே சர்வரில் ஏற்றினால் என்ன?" என்று கேட்காத பேராசிரியர் கிடையாது. லாஸ் ஏஞ்சலீஸில் யுசிஎல்ஏ அதைச் செய்தது. பிபிசியின் ஷேக்ஸ்பியர் நாடகங்களை விற்றுவந்த ஆம்ப்ரோஸ் நிறுவனம் 2010-இல் வழக்குப் போட்டது, 2012-இல் தள்ளுபடி. ஆனால் வழக்குப் போட யாருக்குத் தகுதி, மாநில அமைப்பின் மேல் வழக்குச் செல்லுமா என்கிற வாசல்படியிலேயே பெரும்பகுதி முடிந்துவிட்டதால், ஏற்றலாமா கூடாதா என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. எங்கள் வக்கீல் இன்றும் தோளைக் குலுக்குகிறார்.

ஆரம்பத்தில் நான் மயங்கிப்போனது, பார்த்தால் மட்டும் காசு என்கிற ஏற்பாட்டில். ஆயிரக்கணக்கான படங்களை மாணவர் கண்ணில் படும்படி வைத்துவிட வேண்டியது. ஒரு படத்தை நான்கு தடவை, தடவைக்கு அரை நிமிஷத்துக்கு மேல் யாராவது ஓட்டினால் உரிமம் தானாக விழும், 150 டாலர். அக்டோபரிலேயே வருஷத்துப் பணம் காலி. கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரே இரவில் நான்கு பேர் ஒரு படத்தைத் தொட்டிருக்கிறார்கள், ஒருவரும் ஐந்தாவது நிமிஷத்தைத் தாண்டவில்லை. அரை நிமிஷம் என்பது தூங்கும் முன் எதைப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிற நேரம். அதற்குத்தான் 150 டாலர் அழுதிருக்கிறோம்.

அப்புறம்தான் கோப்பாகவே வாங்கப் பழகினேன். இயக்குநர்களே கூட்டுறவாக நடத்தும் நியூ டே பிலிம்ஸ் மாதிரி இடங்களில் இதற்கு வழி உண்டு. காசு கூடுதல்தான், ஆனால் எம்பி4 கோப்பு நம் சர்வருக்கு வந்துவிடும். ஒப்பந்தத்தில் காலவரையைத்தான் முதலில் தேடுவேன். 'கோப்பு வடிவம் புழக்கத்தில் உள்ளவரை' என்று இருந்தால் பேனாவை எடுத்துவிடுவேன். எம்பி4-க்கு என்றாவது சாவு வரும். அப்போது வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பேன். பெரும்பாலும் மறுப்பதில்லை.

போன வருஷம் மானிடவியல் பேராசிரியர் ஒருவர் பனையேறிகளைப் பற்றிய தமிழ் ஆவணப்படம் கேட்டார். விநியோகஸ்தர் கிடையாது. இயக்குநர் தூத்துக்குடிப் பக்கம், சின்ன வயசு. போனில் பிடித்தேன்.

"சார், படம் யூடியூப்லயே கெடக்கு. அதுக்கு எதுக்குத் துட்டு?"

"நாளைக்கும் அங்கயே கெடக்கும்னு சொல்ல முடியாதுல்ல தம்பி. எங்க சர்வர்ல இருந்தா பத்து வருஷம் கழிச்சும் பாடம் நடத்தலாம்."

சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: படத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தாம் அனுமதி பெற்றிருப்பதாக இயக்குநர் எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒரு டீக்கடை. ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு. கேட்கவே கூச்சமாக இருந்தது, கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டீக்கடையில ஓடுன பாட்டுக்கா, அண்ணாச்சி?"

இரண்டு வாரத்தில் புதுக் கோப்பு வந்தது. அந்த நாற்பது விநாடிக்கு ஒலியை எடுத்துவிட்டிருந்தார். கண்ணாடி கிளாஸ் ஆடுகிறது, டீ ஆற்றுகிறார்கள், பேச்சும் இல்லை பாட்டும் இல்லை. கையெழுத்து, பணம், கேப்ஷன் எல்லாம் முடித்து, படத்தை ஏற்றிப் பேராசிரியருக்கு இணைப்பை அனுப்பினேன்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து அஞ்சல்: நன்றி, உங்கள் பிரதியில் டீக்கடை வரும்போது ஒலி பழுதாகிறது, அதனால் வகுப்பில் யூடியூப்பிலேயே போட்டுவிட்டேன்.