உறைந்த குளத்தில் ஒரு கீப்பர்

காசிமேட்டில் ஐஸ் என்றால் முதலில் சத்தம். விடிவதற்கு முன்பே ஐஸ் பார்களைக் கொக்கி போட்டு இழுத்து வந்து மெஷினுக்குள் தள்ளுவார்கள். கடகடவென்று கடித்துத் துப்பும். தூளான ஐஸ் விசைப்படகின் அடியறைக்குப் போகும். அதன்மேல் வஞ்சிரமும் சங்கராவும் கிடந்து கரைக்குத் திரும்பும். என் அப்பா இருபத்திரண்டு வருடம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றவர். வெயில் ஏறுவதற்குள் அள்ளிப் போட்டுவிட வேண்டிய பொருள் என்றுதான் எனக்கு ஐஸ் அறிமுகம். அதன்மேல் மனிதர்கள் நிற்பார்கள், பாய்வார்கள், பாய்ந்து வருகிறவனைத் தடுக்க இன்னொருவர் கால்களை விரித்து விழுவார் என்பதையெல்லாம் ஜனவரியில் லே நகரத்துக்குப் போய்ப் பார்க்கும்வரை என் மனம் முழுதாக ஏற்கவில்லை.

நான் ஹாக்கி கீப்பர். வேலை திருவொற்றியூரில், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். துறைமுகத் தொழிலாளர்கள், ரயில்வேக்காரர்கள், எண்ணூர் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் என்று பதினைந்து இருபது பேர் சேர்வோம். மண் மைதானம். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையிலிருந்து புழுதி எழும்பி வந்து கோல் கம்பத்தில் படியும். மே மாதத்தில் கால் பேடும் மார்புக் கவசமும் கட்டி நின்றால் பத்தே நிமிடத்தில் பேடு வியர்வையில் ஊறிக் கனக்கும். பத்தொன்பது வருடமாக அங்கே நிற்கிறேன். முதல் இரண்டு வருடம் ஹெல்மெட் கிடையாது. இடது புருவத்தில் ஐந்து தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. ஜப்பானுக்கு எதிரான அரையிறுதி, இந்தியக் கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு 300ஆவது சர்வதேச ஆட்டம். அன்று எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். பந்து மறுகோடியில் கிடக்கும்போதும் ஓரடி முன்னே, அரையடி பக்கவாட்டில் என்று நகர்ந்துகொண்டே, தன் ஆட்டக்காரர்களுக்கு ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கீப்பரின் வேலையில் பெரும்பகுதி பந்து வராத நேரத்தில் நடக்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

லடாக்கில் 2024இல் தொடங்கிய ஐஸ் ஹாக்கி லீக் ராயல் என்ஃபீல்டின் பெயரில் நடக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது எங்கள் ஊர் வண்டி. எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்ட புல்லட்டைச் செய்வதற்காக, இங்கிலாந்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. அந்த வண்டிகள் கோடையில் ஏறும் மலைக்கு நான் குளிர்காலத்தில் போவது என்று முடிவுசெய்தேன். ஆட்டம் அப்போதுதானே.

டெல்லியில் விமானம் மாறி லேயில் இறங்கினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர். ராயபுரத்தில் கடல் மட்டத்திலேயே வளர்ந்த நுரையீரல், பெட்டியைத் தூக்கிய உடனே மூச்சைத் தேடியது. தங்கிய வீட்டு அம்மாவை எல்லோரும் 'ஆமா-லே' என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். "ரெண்டு நாள் படு. தண்ணி குடி. வெளியே போகாதே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, புகாரி அடுப்பில் இன்னும் இரண்டு விறகைச் செருகினார். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பூ வேலைப்பாடு போல உறைந்திருந்தது. விரலால் கீறிப் பார்த்தேன். நகத்தடியில் ஐஸ்.

மூன்றாம் நாள் காலையில் ஆமா-லேயின் அக்கா மகன் என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். அவரை 'அச்சோ-லே' என்றேன். அண்ணன் என்று அர்த்தம். கோடையில் பாங்காங்குக்கும் நூப்ராவுக்கும் டாக்சி ஓட்டுகிறார். குளிர்காலத்தில் சவாரி அருகிவிடும். அப்போது அவர் கீப்பர்.

குளத்து ஐஸ் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரும்பச்சையாக இருந்தது, கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம் போல. உள்ளே வெள்ளை நரம்புகளாக விரிசல்கள். காலை வைத்ததும் அடியிலிருந்து நீளமாக ஓர் ஓசை, வீணையின் தடித்த தந்தியை யாரோ சுண்டியதுபோல, கரையிலிருந்து கரைக்கு ஓடியது. நான் உறைந்து நின்றேன். "பயப்படாதே, இறுகுது" என்றார் அச்சோ-லே. ஐஸ் இறுகும்போது பேசும் என்பதை நாற்பத்தோரு வயதில் தெரிந்துகொண்டேன். காசிமேட்டில் அது உடையும்போதுதான் சத்தம் போடும்.

அங்கே நின்றபோது மெரினாவின் ஐஸ் ஹவுஸ் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய ஃபிரெடெரிக் டியூடர், 1842இல் அதைச் சேமிக்கக் கட்டிய கட்டடம். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும், சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரை சேரும். எங்கள் கடலோரத்துப் படகுக்காரர்கள் குளத்து ஐஸைச் சுமந்திருக்கிறார்கள். அது தண்ணீராகக் கிடந்த குளம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு வாய்த்தது.

அச்சோ-லேயின் சீசன் ஏழு வாரம். டிசம்பர் கடைசியில் குளம் கெட்டியானால் ஆரம்பம், பிப்ரவரி நடுவில் வெயில் ஜெயித்தால் முடிவு. எங்கள் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும், ஐஸ் மெஷின் ஓயும். அவருக்கோ அந்த அளவு நாட்களுக்குள்தான் வாழ்க்கையின் ஆட்டம் முழுவதும். முன்பெல்லாம் இன்னும் நீளமாக இருந்தது என்று அங்கிருக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். 1970களில் ராணுவத்தினர் ஆடியதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகளும் பழகிய ஆட்டம் இது. ஸ்கேட் வாங்க வழியில்லாத அந்த நாட்களில் பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு சறுக்கியிருக்கிறார்கள்.

அவர் பேடுகளைக் கட்டும்போது நான் ஒவ்வொரு பட்டையையும் கவனித்தேன். இடது கையில் பிடிப்பதற்கான பெரிய கையுறை, வலது கையில் தட்டுவதற்கான பலகை, அதே கையில் அகலமான மட்டை. பந்துக்குப் பதில் 'பக்'. கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர் வில்லை. டயருக்கும் அதே பக்குவம்தான். மூக்கருகே கொண்டுபோனேன். திருவொற்றியூர்! 1946இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கி, பிறகு எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்த ஊர். அந்த ரப்பர் வாசத்தில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். கையில் தூக்கியதும் இன்னொன்றும் புரிந்தது: எடை பழகிய எடை. எங்கள் பந்து 156 கிராமிலிருந்து 163 வரை. பக் 156இலிருந்து 170 வரை. இரண்டு ஆட்டங்களும் ஒரே கனத்தைத்தான் கீப்பரின் உடம்பில் எறிகின்றன.

வாசல்தான் வேறு. எங்கள் கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14. அவருடையது அகலத்தில் சரிபாதி, உயரம் 1.22 மீட்டர், பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அவ்வளவு சின்ன வாசலை அடைப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் மண் தரையில் பந்து குதித்து, உருண்டு, தான் வருவதைச் சொல்லிக்கொண்டு வருகிறது. ஐஸில் பக் எதுவும் சொல்வதில்லை. அடித்தவனின் தோள் திரும்புவது தெரிகிறது, அடுத்து பேடில் 'தொப்'. அதனால்தான் அவர்கள் முழங்காலில் விழுந்து இரண்டு கால்களையும் பக்கவாட்டில் விரித்துத் தரையோடு அணை கட்டுகிறார்கள். 'பட்டர்ஃபிளை' என்கிறார்கள். அச்சோ-லே நாற்பது வயதை நெருங்குகிறவர்; ஓர் ஆட்டத்தில் நாற்பது ஐம்பது முறை விழுந்து எழுந்தார். மற்றபடி எல்லாம் ஒன்றே: அடிப்பவனை நோக்கி இரண்டடி முன்னே போய்க் கோணத்தைச் சுருக்குவது, ஆள் மறைக்கும்போது கழுத்தை நீட்டிப் பார்ப்பது, கோல் வாங்கிய பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் கம்பத்தை மட்டையால் ஒரு தட்டு தட்டுவது. அந்தத் தட்டலைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் யாரிடமும் கற்காமல் செய்வது அது.

முகமூடியைக் கழற்றி அவர் டீ குடிக்கும்போது என் புருவத் தழும்பைக் காட்டினேன். அவர் தன் தாடையைக் காட்டினார். 1959 நவம்பர் 1ஆம் தேதி நியூயார்க்கில் முகத்தில் பக் பட்டுக் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் இனி நிற்க மாட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்த கனடா கீப்பர் ஜாக் பிளாண்ட்டின் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒருவரின் பிடிவாதத்தால் எத்தனை ஊர்க் கீப்பர்களின் கண்கள் தப்பின!

ஊர் அணிகளுக்குள் நடந்த போட்டி. நான்கு லீக் ஆட்டங்களில் அவர் அணி இரண்டில் வென்று அரையிறுதிக்கு ஒட்டிக்கொண்டது. அரையிறுதி சமநிலையில் முடிய, ஒற்றைக்கு ஒற்றை. நடுக்கோட்டிலிருந்து ஒருவன் பக்கோடு தனியாக வருவான், எதிரே கீப்பர் மட்டும். கரையில் கோஞ்சா அங்கி போர்த்திய பாட்டிகள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவதாக வந்த பையன் இடது பக்கம் போவதுபோல் காட்டி வலதுக்கு இழுத்தான். அச்சோ-லே முதல் அசைவுக்கு அசையவே இல்லை. அந்த அசையாமைக்காக நான் எழுந்து நின்று தமிழில் கத்தினேன். பக் அவர் கால் விரல் நுனியில் பட்டு வெளியே போனது.

அன்று இரவு ஆமா-லே வீட்டில் துக்பா குடித்துக்கொண்டே பெண்கள் அணியைப் பற்றிப் பேசினோம். இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள்தான். 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. 2025இல் அல் ஐனில் ஆசியக் கோப்பையில் வெண்கலம். அந்த அணிக்குக் கோல் காத்த நூர் ஜஹான், மடாலயச் சுவர்களில் உரிந்துபோகும் பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் வேலை செய்பவர். இது எனக்கு மிகப் பொருத்தமாகத் தெரிந்தது. இருப்பதை விழாமல் காப்பதுதான் இரண்டு வேலையும்.

இறுதிப் போட்டி காலை ஒன்பதுக்கு என்று சொல்லிப் பத்தரைக்குத் தொடங்கியது. முதல் பகுதி முழுக்க ஐஸ் கல்லாக இருந்தது. 1-1. இரண்டாம் பகுதியில் வெயில் மலையைத் தாண்டி வந்து தெற்குக் கோல் பக்கம் விழுந்தது. கடைசிப் பகுதியில் அந்தப் பக்கம்தான் அச்சோ-லே நிற்க வேண்டியிருந்தது. 2-2. ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம். ஒவ்வொரு இடைவேளையிலும் அவர் மட்டையால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது தொலைவிலிருந்து வந்தது சாதாரண அடி. அவர் சரியான நேரத்தில் விழுந்தார். பக் தண்ணீரில் மாட்டி மந்தமானது. விரித்த கால் மூடத் தொடங்கிய அந்தக் கணத்துக்குத்தான் அது வந்து சேர்ந்தது, மூடிக்கொண்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போனது. 3-2. கம்பத்தில் ஒரு தட்டு.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பக் நேரத்துக்கு வரல. நான் வந்துட்டேன்." எங்கள் மைதானத்தில் மழைக்குப் பிந்திய ஞாயிறுகளில், சேற்றில் நின்றுபோன பந்துக்காக நான் விழுந்த விழுதல்கள் அத்தனையும் அந்த வாக்கியத்தில் இருந்தன. அவர் தோளில் கை வைத்தேன். சொல்ல இந்தியில் எனக்கு வார்த்தை இல்லை.

மாலையில் குளம் மீண்டும் இறுகியதும், "நீயும் நில்லு" என்று தன் பேடுகளை எனக்குக் கட்டிவிட்டார். ஸ்கேட் வேண்டாம் என்று ஷூவோடு நிறுத்தினார். வாசல் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நெருக்கம்! அவர் மெதுவாக ஒன்று அடித்தார். நான் பார்த்தது அவருடைய மட்டையை மட்டும். இடது பேடில் 'தொப்' என்றது. பழகிய கனம். ரப்பர் வாசம். "இன்னொன்னு" என்றேன், தமிழில். அடித்தார். பிறகு அவர் அணிப் பையன்களும் வந்தார்கள். இருட்டும்வரை அடித்தார்கள், இருபதுக்கு மேல் தடுத்தேன், எத்தனை உள்ளே போயின என்று எண்ணவில்லை.

போட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் பிள்ளைகள் சறுக்க வருவார்கள் என்று அவர் ரப்பர் பைப்பை எடுத்து வந்தார். பகலில் கீறிய தடங்களின்மேல் மெல்லிய அடுக்காகத் தண்ணீர் விட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் மேடு தட்டிவிடும். நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். கண்ணெதிரே தண்ணீரின் மினுக்கம் மங்கி மங்கி ஐஸானது. கடைசியில் மோட்டாரை நிறுத்திவிட்டு, பைப்பை ஒரு முனையிலிருந்து தோளுக்கு மேல் தூக்கித் தூக்கி இருவருமாக உள்ளே நின்ற தண்ணீரை வடித்தோம். துளி தங்கினாலும் ராத்திரியில் உறைந்து பைப் வெடித்துவிடுமாம்.