பின்பக்கத்துப் பெயர்கள்

ஏப்ரல் 8, 2025, செவ்வாய். அரூர்

கண் விழித்ததும் கைப்பேசியில் முப்பத்தேழு படங்கள். அக்கா மகன் அனுப்பியவை. பெங்களூரில் மேசை நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான்; கம்பெனி செலவில் இத்தாலிக்குப் போயிருக்கிறான். மிலான் நகரில் இன்று ‘சலோனே டெல் மோபிலே’ தொடங்குகிறது. 1961இல் அந்த நாட்டு மரச்சாமான் தயாரிப்பாளர்கள் ஆரம்பித்த சந்தை. சந்தை நடப்பது ஊரை ஒட்டிய ரோ என்னும் இடத்தில். ஆனால் இந்த வாரம் முழுக்க ஊருக்குள்ளும் மாளிகை முற்றங்கள், பழைய தொழிற்கூடங்கள், சந்துக் கடைகள் எல்லாவற்றிலும் கண்காட்சிதானாம். டிசைன் வாரம் என்கிறார்கள். “நம்ம ஊர்ல சாமி ஊர்வலம் நுழையாத சந்துகூட இருக்கும் மாமா, இங்க கண்காட்சி நுழையாத சந்து இல்ல” என்று குரல்பதிவு வேறு.

படங்களை இரண்டு தடவை பார்த்தேன். பிரேரா ஓவியக்கூடத்தின் முற்றத்தில் வட்டமான பெரிய புத்தக அலமாரி ஒன்று மெல்லச் சுற்றுகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். செய்தவர் எஸ் டெவ்லின், மேடை அமைப்பில் பெயர்பெற்ற ஆங்கிலேயப் பெண். இன்னொரு படத்தில் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட கடைசிச் சிலை. மகனின் உடலைத் தாங்கி நிற்கும் தாய். அந்தச் சிலைக்கு ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க நாடக இயக்குநர் ஒளியமைத்திருக்கிறார்.

பொருளைவிடப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டைகளைத்தான் அதிகம் பார்த்தேன். பெயர், ஊர், ஆண்டு, எதனால் செய்தது. முப்பத்தொரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவனின் பழக்கதோஷம். பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை எழுதுவது என் வேலை.

மத்தியானம் ஒரு கிறுக்குத்தனம் தோன்றியது. இதே வாரத்தில் தருமபுரி மாவட்டத்தில் நாமே ஒரு டிசைன் வாரம் நடத்தினால் என்ன? நடத்துவது நான், பார்ப்பதும் நான். “வெயில் மண்டையப் பொளக்குது, துண்டு எடுத்துட்டுப் போங்க” என்றாள் வீட்டில். அனுமதி கிடைத்தது.

ஏப்ரல் 9, புதன். தருமபுரி

முதல் கூடம்: அருங்காட்சியகத்து நடுகற்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் பிள்ளைகளை எண்ணுவதிலேயே நேரம் போய்விடும், கல்லைப் பார்த்ததில்லை.

ஒரு கல்லின் முன் அரை மணி நேரம் நின்றேன். ஒரு கையில் வில், மறு கையில் வாள். முழங்கால் மடங்கி, இடுப்பு திரும்பி, பாதம் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. கல் குறுகலானது, ஆளை நேராக நிறுத்தினால் தலை வெளியே போய்விடும். மடக்கியதில் இடமும் மிச்சம், பாய்ச்சலும் வந்துவிட்டது. இதை வகுப்பில் புரிய வைக்க எனக்கு மூன்று பாடவேளை ஆகும்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது. முதல் நிலையின் பெயர் காட்சி: தகுந்த கல்லைத் தேடிக் கண்டுகொள்வது. பிறகு கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இன்றைக்குக் கண்காட்சி வைப்பவர்களும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் போகிறார்கள். முடிவில் வாழ்த்துரை உட்பட.

அட்டையும் உண்டு. தலைமாட்டில் வட்டெழுத்து. எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான் என்று எழுதி, ‘கல்’ என்று முடித்துவிடுவார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. இரண்டு மூன்று வரியில் ஒரு சாவு.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி மேலே. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளர்களை விரட்டியதாம். அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. கல்லைச் செதுக்கியவன் பெயரை, நான் பார்த்த எந்த நடுகல்லிலும் பார்த்ததில்லை.

மிலான் சிலை நினைவுக்கு வந்தது. 1564இல் சாவதற்குச் சில நாள் முன்புவரை மைக்கேலாஞ்சலோ அதைக் கொத்திக்கொண்டிருந்தார் என்பது வரைக்கும் உலகத்துக்குத் தெரியும். இந்த முழங்காலை மடக்கியவன் எந்த ஊர்க்காரன் என்றுகூட இங்கே தெரியாது.

ஏப்ரல் 10, வியாழன். ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டியதும் காற்றிலேயே மீன் வறுவல் வாசம் வருவதாக ஒரு பிரமை. போய்ச் சேர்ந்தால் நிஜமாகவே வந்தது. எண்ணெய் தேய்ப்பவர்கள் மூன்று பேர் மறித்தார்கள். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் ஆட்சியர் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார். இன்று ஆறு இளைத்துக் கிடந்ததால் ஓடியது.

இரண்டாவது கூடம் பரிசல். நிழலில் ஒருவர் மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக்கொண்டிருந்தார். நடுவில் நெருக்கமாக ஆரம்பித்து விளிம்புக்குப் போகப் போக விரித்து, பிறகு மேலே வளைத்து வட்டம் கட்டுகிறார். அந்தக் காலத்தில் மேலே மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் தாள், மேலே தார்.

உட்கார்ந்து யோசித்தால் இதில் வேண்டாதது ஒன்றுகூட இல்லை. அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். வட்டமாக இருப்பதால் பாறை எந்தப் பக்கம் இடித்தாலும் ஒன்றுதான். மூக்கும் இல்லை, முதுகும் இல்லை. மூங்கில் வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். இறங்கிய பிறகு கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே மேலே நடந்துவிடலாம். இராக்கிலும் வேல்ஸிலும் வியட்நாமிலும் இதே மாதிரி வட்ட ஓடங்கள் உண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கேட்ட கேள்வி ஒன்று, பதிலும் ஒன்றாகிவிட்டது.

“நல்ல டிசைன்” என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“டிசைனெல்லாம் நாங்க பண்றதில்லீங்க. ஆத்துக்கு எது ஒத்துக்குதோ அதக் கட்றோம்.”

அக்கா மகனுக்குப் படம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதிலுக்கு ஒரு நாற்காலிப் படம் வந்தது. சூப்பர்லெஜ்ஜெரா. ஜியோ பொன்ட்டி வடிவமைத்து 1957இல் கசீனா நிறுவனம் வெளியிட்டது. எடை 1.7 கிலோ, சின்னப் பையன் ஒற்றை விரலில் தூக்கலாம். அது திடீரென்று முளைத்ததல்ல. கியாவரி என்ற கடலோர ஊரில் 1807இல் டெஸ்கால்சி என்ற தச்சர் செய்த நாற்காலியிலிருந்து எடுத்து, இழைத்து இழைத்துப் பொன்ட்டி மெலிய வைத்தார். அவன் எழுதியிருந்தான்: “பேரு பொன்ட்டியோடதுதான் பெருசா இருக்கும். ஆனா அந்த ஊரையும் அந்தத் தச்சரையும் யாரும் மறக்கல மாமா.”

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. பின்னிக்கொண்டிருந்தவரிடம் மூங்கில் எங்கே கிடைக்கிறது, எத்தனை நாள் ஆகும், எத்தனை பேர் ஏறலாம் என்றெல்லாம் கேட்டேன். பெயரைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி. அரூர்

பங்குனி உத்திரம். பஸ் எல்லாம் காவடிக் கூட்டம். வீட்டிலேயே இருந்தேன். மூன்றாவது கூடம் எங்கள் சமையலறை.

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் இங்கே சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அறிக்கையில் அவர்கள் கொண்டாடிய பொருள் ஒரு சொம்பு. எவ்வளவு பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், சாய்த்தால் தண்ணீர் எப்படி விழ வேண்டும், கை உள்ளே போய்க் கழுவ வருமா, விலை என்ன என்று அடுக்கிக்கொண்டே போய், இதை ஒருத்தர் செய்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்று முடிக்கிறார்கள்.

சரிதான். ஆனால் அந்தப் பதிலில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. சொம்பின் வடிவத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு, என் கையில் இருக்கும் இந்தச் சொம்பைத் தட்டியவரும் இல்லை என்று ஆக்கிவிடுகிறோம்.

அம்மாவின் வெண்கலச் சொம்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. பாத்திரக் கடையில் பேர் வெட்டாமல் யார் வாங்கினார்கள்? அம்மாவின் பெயர், சீர் கொடுத்த தாய்மாமன் பெயர், கல்யாணத் தேதி. வாங்கியவர், கொடுத்தவர் இரண்டு பேரும் இருக்கிறார்கள். தட்டியவர் மட்டும் இல்லை.

ஏப்ரல் 12, சனி. சிட்லிங்கி

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தாக்கு. அரூரிலிருந்து போகும் வழியெல்லாம் புளியமரம். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி இங்கே வந்து பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கியது பலருக்கும் தெரியும். லம்பாடிப் பெண்களின் தையலை மீட்ட கதை அதன் கிளை.

லம்பாடிகள் ஒரு காலத்தில் எருதுப் பொதியில் உப்பும் தானியமும் ஏற்றி நாடு முழுக்கச் சுற்றிய வணிகர்கள். படைகளுக்கே தானியம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ரயில் வந்தது, பொதி நின்றது. தங்கிய இடத்தில் விவசாயம், கூலி. கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடை பெட்டிக்குப் போய்ச் சேலை வந்தது. சிட்லிங்கியில் பழைய தையல் தெரிந்தவர்கள் இரண்டே மூதாட்டிகள் என்ற நிலையில், அவர்களிடமிருந்து இளம்பெண்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள். அமைப்பின் பெயர் ‘பொர்கை’. அவர்கள் பேச்சில் பெருமை என்று பொருள்.

திண்ணையில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் துணியை வாங்கிப் பார்த்தேன். கறுப்பில் சிவப்பும் மஞ்சளும் கட்டம் கட்டமாக ஓடின. பென்சில் கோடு இல்லை. இழையை எண்ணித்தான் ஊசி இறங்குகிறது. இந்தக் கணக்கு என் வகுப்பில் கிராஃப் தாளோடு முடிந்துபோன விஷயம்.

“எல்லாரும் ஒரே மாதிரி தைக்கிறீங்களே, யாரு தெச்சதுன்னு எப்படிம்மா தெரியும்?”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே துணியைத் திருப்பிப் போட்டார்.

“முன்னாடி பாத்தா தெரியாதுங்க சார். பின்னாடி பாக்கணும். நூல எங்க முடிக்கிறாங்க, அடுத்த கட்டத்துக்கு எப்படித் தாண்டுறாங்க, அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. இது என் கை இல்ல. அந்த வீட்டுப் பொண்ணோடது.” கைகாட்டிய வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

2023இல் கர்நாடகத்துச் சண்டூர் லம்பாடிப் பெண்கள் 450க்கும் மேற்பட்டோர் சேர்ந்து, ஜி20 கூட்டம் நடந்த ஹம்பியில் 1,755 துணிப்பொருள்களைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். பெரிய காரியம்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்களும் மனதில் நின்றன. அந்த 1,755 துணிகளையும் திருப்பிப் போட்டிருந்தால் 450 பேரையும் யாராவது படித்திருக்கலாம் என்று இன்றுதான் தோன்றியது.

இந்த முறை பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன், என் நோட்டில் வேறு பக்கத்தில்.

ஏப்ரல் 13, ஞாயிறு. அரூர்

இன்றோடு மிலான் சந்தை முடிகிறது. “உங்க டிசைன் வாரத்துல எது மாமா பெஸ்ட்?” என்று அக்கா மகன் கேட்டான். “நீ பார்த்த நாற்காலியில ஏதாவது ஒண்ணைக் கவுத்துப் பார்த்தியா?” என்றேன். “தொடவே விடல மாமா.” வேறொன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை 1

மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ, பூஜை முடிந்ததும் பரணில் ஏறினேன். “வருஷப் பிறப்பும் அதுவுமா” என்று கீழிருந்து குரல்.

ஓய்வு பெற்ற அன்று கட்டிக்கொண்டு வந்த ஓவியக் கட்டு. கண்காட்சிகளுக்கு அனுப்பி, திரும்பி வந்தவை. தூசி தட்டிக் கூடத்தில் பரப்பினேன். நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றின் கீழும் என் கையால் எழுதிய அட்டை. ‘வகுப்பு 8 ஆ. வழிகாட்டி’ என்று போட்டு என் பெயர், பட்டங்கள், ‘ஓவிய ஆசிரியர்’. நல்ல கையெழுத்து எனக்கு. தட்டைத் தூரிகையில், கறுப்பு இந்தியன் இங்க்கில், இருபது அடிக்கு அப்பாலிருந்து படிக்கலாம்.

பிள்ளைகள் பெயர் இல்லை. ஒன்றில்கூட இல்லை. அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகப் படவில்லை, எனக்கும். ஐந்து நாளாகப் பல்லவர் காலத்துச் சிற்பிக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஆள் நான்.

ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பென்சிலில், மூலையில், கோணல்மாணலாக இருந்தன. சிலர் அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஒருத்தி பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். சில முகங்கள் நினைவுக்கு வந்தன, பல வரவில்லை. பழைய அட்டைகளைப் பிளேடால் பிரித்தெடுத்துப் புதிதாக வெட்டி, அதே தூரிகையில் அதே அளவில் ஒவ்வொரு பெயராக எழுதி ஒட்டினேன். மூன்று மணி ஆகிவிட்டது. விரல் நடுங்குகிறது, பழைய நேர்த்தி இல்லை.

நாற்பதுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்றின் பின்பக்கம் வெறுமை. மழையில் நனைந்தபடி தலையைத் திருப்பிப் பார்க்கும் ஒரு பசு. கழுத்து எலும்பில் தப்பு இருக்கிறது, பார்வையில் இல்லை. மெழுகு வண்ணத்தை அழுத்தி அழுத்தித் தீட்டியதில் தாள் பின்னால் புடைத்திருந்தது. முன்பக்கம் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மழைக்கோடுகள், நிழல், புல் எல்லாம் மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. வலது கைக்காரப் பிள்ளை இப்படித் தீட்டாது.

அட்டையில் தெரிந்ததை மட்டும் எழுதினேன்: ‘இடது கையால் வரைந்தது.’