ஏப்ரல் 15 வரை

டிசம்பர் முதல் பாதிக்குள் விண்ணப்பங்களை அனுப்பி முடித்துவிட்டால், அமெரிக்காவில் பிஎச்.டி. இடத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்புறம் செய்ய ஒன்றுமில்லை, ஜனவரி கடைசியில் ஒன்றிரண்டு பதில் வரும், பிப்ரவரியில் இன்னும் சில, மார்ச் பாதி தாண்டியும் வாய் திறக்காத இடங்கள் உண்டு. வேதியியலுக்கு விண்ணப்பித்திருக்கும் என் மகளின் கைபேசி மேஜைமேல் அதிரும்போதெல்லாம் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது, ஏதோ கடையின் தள்ளுபடிச் செய்தி என்று தெரிந்த பிறகுதான் மறுபடி தொடர்கிறது. இடம் தந்த துறைகள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அழைத்திருக்கின்றன, விமானச் சீட்டும் தங்கும் அறையும் அவர்கள் செலவு, ஆன் ஆர்பர் ஒரு வாரம், மேடிசன் இன்னொரு வாரம், குளிர் முடியுமுன்னே அசேலியா பூத்துவிடும் ஹூஸ்டனில் வளர்ந்த பெண்ணிடம் அந்த ஊர்களுக்கு ஏற்ற கம்பளிக் கோட் ஏது, அதனால் நான் மாணவனாக இருந்தபோது வாங்கிய கோட்டைத் தேடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் வந்து அடித்தது. மிளகளவுக்குக் கரைந்துபோயிருந்த ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது உருகாமலே நேராக ஆவியாகிவிடும், பதங்கமாதல் என்பது இதுதான் அப்பா என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள், நான் அதற்குள் கும்பகோணத்தில், தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்த பச்சை டிரங்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெட்டியில் அந்துருண்டையோடு கற்பூரமும் இருக்கும், கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே வரும் பட்டு வேட்டி, நிலப் பத்திரங்கள், மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு, இவற்றுக்கெல்லாம் மேலே என் விண்ணப்பங்களின் நகல்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு வைத்திருந்தார், வந்த பதில்களை மட்டும் பெட்டிக்குள் வைக்கமாட்டார், தூணில் தொங்கிய கடுதாசிக் கம்பியில் குத்தி வைப்பார். அது 1984, தபால்காரர் பத்து மணிக்கு மேல்தான் எங்கள் தெருவுக்குள் நுழைவார், தாத்தா ஒன்பதரைக்கே திண்ணைக்கு வந்து, ஒரு சிட்டிகை பட்டணம் பொடியை உறிஞ்சி, மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓட்டுச் சரிவிலிருந்து விழும் வெயில் தன் கால் விரலைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார், தொட்டால் தபால் வரும் நேரம் என்று அர்த்தம், கடிகாரத்தை அவர் நம்பியதில்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் உறைகளைத் தபால்காரர் விரலாலேயே படித்துவிடுவார். தடித்த உறை என்றால் உள்ளே படிவங்கள் இருக்கின்றன, இடம் கிடைத்துவிட்டது, தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவார். மெல்லிய உறை என்றால் ஒற்றைத் தாள், வருந்துகிறோம் என்ற வரி, அன்றைக்கு மணி இல்லை, திண்ணையில் ஏறி உட்கார்ந்து, பாட்டி தரும் நீர்மோரைக் குடித்து முடித்து, மின்சார வாரியத்துக் காகிதத்துக்கும் யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகைக்கும் அடியில் அதை வைத்துக் கொடுப்பார், கொடுத்துவிட்டு உடனே எழுந்து போகவும் மாட்டார், வெயிலைப் பற்றியோ அணையில் தண்ணீர் எவ்வளவு என்றோ கொஞ்சம் பேசிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். எதிர்வீட்டில் கேட்பார்கள், வெற்றிலைக் கடையில் கேட்பார்கள், காத்திருப்பு தெருவுக்கே பொதுவாக இருந்தது, இப்போது என் மகளுக்கு உன் விண்ணப்ப நிலையில் மாற்றம் இருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது, இரவு எந்நேரமானாலும் வருகிறது, அவள் தன் அறையில் தனியாகத் திறந்து, தனியாகப் படித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எங்களிடம் சொல்கிறாள்.

சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தாத்தா நடையைக் கொஞ்சம் தளர்த்துவார், மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த மனுஷர் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிப் போட்டார், பிப்ரவரி 8 தேதியிட்டு அங்கிருந்து பதில் எழுதினார்கள், கப்பலில்தான் எல்லாம் வரணும், அவரே அத்தனை நாள் காத்திருந்தார், உனக்கென்ன அவசரம் என்பார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார், போய்ச் சேரும் ஊரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னாளில் புள்ளியியலில் பெயர் பெற்ற மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் அவர் அறைக்குப் போனபோது, ராத்திரியெல்லாம் குளிர்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன் என்றாராம், பார்த்தால் படுக்கை விரிப்புக்குக் கீழே கம்பளிகள் ஒழுங்காகச் செருகிக் கிடக்கின்றன, அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. இதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன், எண்களோடு அப்படிப் பழகிய ஒரு மனம் தன் கட்டிலில் இருந்த கதகதப்பை அறியாமலே குளிரில் கிடந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தாத்தா எந்த ஊரையும் பார்க்காமல் முடிவு செய்ததில்லை. அத்தைக்கு வரன் வந்தபோது, பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாமல் முதல் நாளே அந்த ஊருக்குப் போய் இறங்கி, கோயில் தெருக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்து, சவரக் கடையில் உட்கார்ந்து முகத்தை மழித்துக்கொண்டு, ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம், அந்த வீட்டில் அறுவடைக் கூலியை எப்போது கொடுப்பார்கள், வேலைக்காரி எத்தனை வருஷமாக இருக்கிறாள், இவ்வளவுதான் அவர் தெரிந்துகொள்ள விரும்பியது. மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு முறைப்படி போய், வீட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவரின் பேரன் நான் எதையும் பார்க்காமல்தான் விமானம் ஏறினேன். மெட்ராஸில் அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வெளியே விடிவதற்கு முன் வரிசையில் நின்றதும், நடைபாதை ஈரமும் யாரோ வைத்திருந்த மல்லிகையும் பேருந்துப் புகையும் கலந்த வாசனையும், மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தை விரல் ஈரம் படாமல் பிடித்திருந்ததும் நினைவிருக்கிறது. மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், யாருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அங்கே விண்ணப்பித்தேனோ அந்தப் பேராசிரியர் அதே கோடையில் வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்பது, போய் இறங்கிய பிறகு அவர் அறைக்கதவில் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. வேறொருவரிடம் சேர்ந்தேன், வேறொன்றைப் படித்தேன், வாழ்க்கை அந்தப் பக்கமாகவே போயிற்று. போய்ச் சேர்ந்ததும் தண்ணி எப்படின்னு எழுது என்று தாத்தா சொல்லியிருந்தார், நீல ஏரோகிராமில் கதவைப் பற்றி ஒன்றும் எழுதாமல், தண்ணீர் நன்றாக இருக்கிறது, குழாயிலேயே பல் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி என்று எழுதினேன், அதை அவர் தபால்காரருக்கும் படித்துக் காட்டினாராம்.

இந்த வீட்டில் இப்போது அம்மா இருக்கிறாள், இந்தக் காலத்தில் பதில் பெட்டியில் வராது என்று எத்தனை முறை சொன்னாலும், மத்தியானத் தூக்கம் கலைந்ததும் தெருவோரத் தபால் பெட்டி வரை மெதுவாக நடந்து போய், காப்பீட்டுக் கம்பெனிக் காகிதங்களையும் பலசரக்குக் கடை விளம்பரங்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, தடிமனாக ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறாள்.

மகள் கிளம்புவதற்கு முந்தைய நாள் தாத்தாவின் சவரக் கடையைப் பற்றி அவளிடம் சொன்னேன். பேராசிரியர்களோடு அரைமணி அரைமணியாகச் சந்திப்பு, ஆய்வகச் சுற்று, விருந்து என்று நிமிஷக் கணக்கில் பட்டியல் அனுப்பியிருந்தார்கள், அதெல்லாம் வீட்டுக்காரர்கள் பேசுவது, பேராசிரியர்கள் எழுந்துபோன பிறகு பீட்சா பெட்டிகளுக்கு நடுவே சீனியர் மாணவர்கள் மட்டும் மிஞ்சும் நேரத்தில் அறைக்குப் போய்விடாதே, நீ சேர நினைக்கும் பேராசிரியரிடம் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் வெளியே வருகிறார்கள், எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திருப்பித் தர எத்தனை நாள் எடுக்கிறார், பாதியில் போனவர்கள் உண்டா, கோடையிலும் உதவித்தொகை உண்டா, வாடகை போக மீதி என்ன, அவர் இன்னும் எத்தனை வருஷம் அங்கே இருப்பார், இவற்றைக் கேள் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள், கடைசிக் கேள்வியின் அடியில் கோடு போட்டாள்.

இதுவரை போன இடங்களில் ஒன்றிலிருந்து இரவு பதினொன்றுக்குமேல் கூப்பிட்டாள், கட்டடங்களெல்லாம் பிரமாதம், அவளுக்குப் பிடித்திருந்த பேராசிரியரும் அருமையாகப் பேசினார், ஆனால் ஐந்தாம் வருஷ மாணவி ஒருத்தி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டு பேர் முதுகலைப் பட்டத்தோடு விலகிப் போனதைச் சொன்னாளாம். நாங்கள் எதையும் பார்க்காமல் ஏறியதை ஒரு துணிச்சல் மாதிரி இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம், அந்த இரவில் எனக்கு அப்படித் தோன்றவில்லை, பார்க்க வழி இருந்திருந்தால் நாங்களும் பார்த்திருப்போம், இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, அது நல்லது.

உதவித்தொகையோடு இடம் கொடுத்தவர்கள் ஏப்ரல் 15 வரை முடிவு கேட்டு நெருக்கக் கூடாது என்று இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு, அதனால் அவள் அதுவரை எல்லா இடங்களையும் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் ஊர் திரும்பிய அன்றே அந்த ஆய்வகம் இருக்கும் இடத்துக்கு, அழைத்ததற்கு நன்றி, நான் வரவில்லை என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கே இன்னும் ரெண்டு இடத்திலேர்ந்து பதில் வரலை, என்னை மாதிரி அங்கே காத்திருப்போர் பட்டியல்ல யாராவது இருப்பாங்க இல்லப்பா, ஏப்ரல் வரைக்கும் அவங்களை எதுக்கு உட்கார வைக்கணும் என்றாள். அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள், மறுநாள் காலை காபியை ஆற்றிக்கொண்டே, அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டாங்களா என்று கேட்டாள். அது நமக்குத் தெரிய வழியில்லை பாட்டி என்று மகள் சொன்னது அவளுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவு பெரிய காலேஜ், நமக்கும் ஒரு வரி எழுதினா என்ன என்றாள்.