பாஸ் என்றால் என்ன பாஸ்?

பி.காம். படிக்கிறவனுக்கு அணுமின் நிலையத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதில் ஒரே சொல்: விலை.

தொழிற்சாலைகளில் கன்ட்ரோல் பேனலுக்குள் டைமர் ரிலே என்று ஒன்று இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சமாச்சாரம். மின்சாரம் வந்ததும் இத்தனை நொடி கழித்து ஒரு ஸ்விட்சை மூடு அல்லது திற, அவ்வளவுதான் அதன் வேலை. கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அதே கம்பெனி, அதே மாடல், அணுமின் நிலையத்தின் பாதுகாப்புக் கருவிக்குள் போகிறது என்றால் விலை பல மடங்கு. பொருள் ஒன்றுதான், பெட்டிகூட ஒன்றுதான். பிறகு எதற்குக் கூடுதல் பணம்? கூடவே வரும் ஒரு கட்டுக் காகிதத்துக்கு. அந்தக் கட்டில் ஒரு பகுதிதான் இந்தப் பதிவின் விஷயம். இ.எம்.சி. சோதனை என்பார்கள். தமிழில் மின்காந்த இணக்கம்.

பயப்பட வேண்டாம், ஃபிசிக்ஸ் குறைவுதான். டூஜி செல்போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தவர்களுக்குத் தெரியும். போன் அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் 'டிடிக் டிடிக் டிர்ர்ர்' என்று அலறும். பழைய டி.வி. இருந்த காலத்தில் அம்மா மிக்ஸி போட்டால் படத்தில் கோடு கோடாக ஓடும். ஒரு கருவி சிந்துவதை இன்னொரு கருவி குடித்துவிடுகிறது. எவ்வளவு சிந்தலாம் என்பதற்கு ஒரு சோதனை, எவ்வளவு சிந்தினாலும் கலங்காமல் இருக்கிறதா என்பதற்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததுதான் இ.எம்.சி.

வீட்டில் கோடு ஓடினால் சீரியலில் ஒரு வசனம் போகும். அணுமின் நிலையத்தில்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அமெரிக்காவின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (என்.ஆர்.சி.) 1983-லேயே நிலையங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. எண் 83-83. விஷயம், நிலையத்துக்குள் வாக்கி டாக்கி பயன்படுத்துவது. யாரோ பட்டனை அழுத்திப் பேச, பக்கத்தில் இருந்த கருவி அதைத் தனக்கு வந்த செய்தி என்று எடுத்துக்கொண்டு வேலை பார்த்துவிடும் ஆபத்தைத்தான் அது சொன்னது.

இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கணக்கு எளிது. என்.ஆர்.சி.யின் வழிகாட்டி 1.180 (முதலில் 2000-ல் வந்தது, 2003-லும் 2019-லும் திருத்தினார்கள்) கருவியை மீட்டருக்கு 10 வோல்ட் வலிமையுள்ள அலையில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் நிலையத்தில் அந்தக் கருவி இருக்கும் இடத்துக்கு மீட்டருக்கு 4 வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது என்றும் சொல்கிறது. பத்துக்குத் தாங்கும், நாலுக்கு மேல் விடமாட்டோம். எங்கள் பாடத்தில் மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்று ஒன்று வருமே, அதேதான்!

நாலுக்கு மேல் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? தூரம். வாக்கி டாக்கியின் சக்தி 5 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதால் பெருக்கினால் 150. அதன் வர்க்கமூலம் 12.2. நாலால் வகுத்தால் ஏறக்குறைய 3 மீட்டர். (ஆன்டெனா சாதாரணமானது என்றால் இந்தக் கணக்கு. அது அலையை ஒரு பக்கமாகக் குவித்தால் தூரம் கூடும்.) அந்தக் கருவியைச் சுற்றி 3 மீட்டருக்குள் வாக்கி டாக்கியில் பேசக்கூடாது. தரையில் கோடு போட்டு, பலகை மாட்டிவிடுவார்கள். ஆக, சோதனை ரிப்போர்ட்டும் தரையில் இருக்கும் பெயின்ட்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு. பெயின்ட் அழிந்துபோனால் ரிப்போர்ட்டின் மதிப்பும் பாதி போச்சு.

பழைய நிலையங்களில் இருந்தவை முரட்டு ரிலேக்கள். இரும்பு, செப்புச் சுருள், ஸ்பிரிங். நானோ நொடியில் வந்துபோகும் துடிப்பை அவை கண்டுகொள்வதில்லை. அசைவதற்கே அவற்றுக்குப் பல மில்லி நொடி வேண்டும். பிறகு சிப் வந்தது. ஐந்து வோல்ட், மூன்று வோல்ட் என்று குறைந்துகொண்டே வரும் மின்னழுத்தத்தில், கண் மூடித் திறப்பதற்குள் கோடி முறை யோசிக்கும் சாமான். புத்திசாலி, ஆனால் தொட்டாற்சிணுங்கி. இ.எம்.சி. பெரிய தலைவலியானதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

என் பெரியப்பா மகன் இப்படி ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். (சென்னையில் இத்தகைய கூடங்கள் சில உண்டு. தரமணியில் மத்திய அரசின் 'சமீர்' நிறுவனத்துக்கே ஒன்று இருக்கிறது. அண்ணன் இருப்பது வேறு இடம்.) அவர் சொன்ன கதைகளைக் கேட்டால் இது பரீட்சை இல்லை, சித்திரவதை.

ஓர் இரும்பு அறை. சுவரெல்லாம் நீல நிறத்தில் கூம்பு கூம்பாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும், அலை திரும்பி வராமல் குடிப்பதற்கு. நடுவே மேஜையில் கருவி, எதிரே ஆன்டெனா. 80 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒரு சதவீதம் கூட்டிக்கொண்டே போவார்கள். 1000 மெகாஹெர்ட்ஸை எட்ட எத்தனை படி? கூட்டு வட்டிக் கணக்குதான், போட்டுப் பார்த்தேன், சுமார் 254. ஆன்டெனாவைப் படுக்க வைத்து ஒரு முறை, நிமிர்த்தி வைத்து ஒரு முறை. கருவியின் நாலு பக்கமும் இப்படியே. மொத்தம் 2032 நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருவி தன் வேலையை ஒரு சுற்று செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நொடி டைமர் என்றால் இதற்கு மட்டும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். நிலையத்துக்காகச் செய்யும்போது அலைவரிசை இதற்கு மேலும் கீழும் நீளும். அது தவிர, மின்கம்பி வழியாக விடும் படபடத் துடிப்புகள், இடி மின்னல் மாதிரி ஒரு பெரிய அடி, விரல் நுனியிலிருந்து தாவும் பொறியைப் போலத் துப்பாக்கி வைத்துச் சுடுவது என்று வரிசையாக இருக்கிறது.

சரி, தலைப்புக்கு வருவோம். இத்தனையும் முடிந்து ரிப்போர்ட்டில் 'பாஸ்' என்று போடுகிறார்களே, அந்தப் பாஸுக்கு என்ன அர்த்தம்?

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸில் ஏ, பி, சி என்று வகை உண்டு. அடி விழும்போதும் கருவி ஒழுங்காக வேலை செய்தால் ஏ. அடி விழும்போது கொஞ்சம் தடுமாறி, பிறகு தானாகவே சரியாகிவிட்டால் பி. தடுமாறி, யாராவது வந்து ரீசெட் செய்தால்தான் எழும் என்றால் சி. சாதாரணத் தொழிற்சாலைக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 61000-6-2 என்ற விதியில் துடிப்பு, மின்னல் அடி, பொறி இவற்றுக்கெல்லாம் பி வாங்கினாலே போதும். பிஸ்கட் பேக் செய்யும் மெஷின் ஒரு நொடி விக்கினால் என்ன, ஒரு பாக்கெட் கோணலாக வரும்.

அதே ஒரு நொடி விக்கல் உலையை நிறுத்தும் அமைப்பில் வந்தால்? ரிலே திறந்துகொள்ளும், உலை நின்றுவிடும். பாதுகாப்பான பக்கம்தான் விழுந்தது, ஆனாலும் கணக்கைப் பாருங்கள். கூடங்குளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உலை ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஒரு நாள் நின்றால் 2.4 கோடி யூனிட். யூனிட் நாலு ரூபாய் என்று வைத்தால்கூட 9.6 கோடி ரூபாய். நின்ற உலையை அடுத்த நிமிடமே கிளப்பவும் முடியாது. அதனால் அணுமின் நிலையத்துக்கென்று இருக்கும் ஐ.இ.சி. 62003 (2009-ல் வந்தது, 2020-ல் திருத்தப்பட்டது) போன்ற விதிகளில், அடி விழுந்துகொண்டிருக்கும்போதே கருவி தன் பாதுகாப்பு வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டிலும் இருப்பது அதே 'பாஸ்' என்ற சொல். விலை வித்தியாசத்தில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்பது என் கட்சி.

தேவையில்லாமல் நிற்பதைவிட, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போவது பெரிய ஆபத்து. அதற்குத்தான் ஒரே அளவை மூன்று அல்லது நான்கு தனித்தனிச் சேனலில் எடுத்து, இரண்டு சேனல் சொன்னால் நிறுத்து என்று வைத்திருக்கிறார்கள். ஒன்று கெட்டாலும் மற்றவை காப்பாற்றும். ஆனால் இந்த நம்பிக்கைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: கெடுவது தனித்தனியாகக் கெடும் என்பது. நாலு சேனலிலும் ஒரே மாடல் கருவி இருந்து, ஒரே அலைவரிசை நாலையும் ஒரே நேரத்தில் கலக்கினால்? 2008 நினைவிருக்கிறதா? பத்து ஊரின் வீட்டுக் கடனைப் பத்திரமாகக் கட்டி, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கடன் வாராமல் போகாது என்று ஏ.ஏ.ஏ. ரேட்டிங் கொடுத்தார்களே, அதே அனுமானம். அதனால்தான் கூடுதல் சேனல் இருப்பதைக் காட்டி இ.எம்.சி. சோதனையில் சலுகை கேட்பது அபத்தம்.

இனிதான் முக்கியமான விஷயம். அண்ணனிடம் கேட்டேன்:

"ஏண்ணே, ஒரு தடவை பாஸ் ஆயிடுச்சுன்னா அந்த மாடல் எல்லாமே பாஸ்தானே?"

"நான் பாஸ் போட்டது என் மேஜையில இருந்த டப்பாவுக்குடா தம்பி. நீ வாங்கப்போற டப்பாவ நான் பாத்ததே இல்ல."

யோசித்தால் ஆடிட்டிங் மாதிரிதான். ஆயிரம் வவுச்சரில் நூறை எடுத்துப் பார்க்கிறோம், மீதியும் அப்படியே இருக்கும் என்று கையெழுத்துப் போடுகிறோம். இங்கே சாம்பிள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றைப் போலவே மற்றவையும் இருக்கின்றன என்பதை யார் நிரூபிப்பது?

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. அணுமின் நிலையத்துக்கென்றே தனித் தர முறையில் (பத்தாம் தொகுப்பு, பகுதி 50, இணைப்பு பி, மொத்தம் 18 நிபந்தனைகள்) தயாரிக்காத சாதாரணக் கடைப் பொருளையும் வாங்கலாம். ஆனால் வாங்குகிறவர் அதன் முக்கியமான குணங்கள் எவை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் தானே சரிபார்த்து, இது போதும் என்று பொறுப்பேற்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஓட்டை எங்கே என்றால், பட்டியலில் இல்லாததை யாரும் பார்ப்பதில்லை.

2016-ல் என்.ஆர்.சி. இன்னோர் அறிவிப்பு விட்டது, எண் 2016-01. ஆலன் பிராட்லி 700-ஆர்.டி.சி. என்ற டைமர் ரிலே பற்றியது. தயாரிப்பாளர் உள்ளே இருந்த வடிவமைப்பை மாற்றி, நேரத்தைக் கணக்கிட புரோகிராம் செய்யக்கூடிய ஒரு லாஜிக் சிப்பை வைத்திருந்தார். வெளியில் மாடல் எண் அதேதான். சரிபார்த்து நிலையங்களுக்குக் கொடுத்தவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை. பத்து நொடி என்றால் பத்து நொடி சரியாகக் காட்டுகிறது, அளவு சரி, லேபிள் சரி. ஆனால் சிப் உள்ளே வந்த அந்த நிமிடமே இது வேறு பிராணி. பேனலுக்குள் ஒரு சுருள் அணையும்போது மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளும், பழைய முரட்டு ரிலே அதைச் சட்டை செய்யாது, சிப் சட்டை செய்யும். பழைய ரிப்போர்ட்டு எதைப் பற்றியது என்றால், இப்போது விற்பனையில் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது.

தயாரிப்பாளரைத் திட்டுவதிலும் அர்த்தம் இல்லை. அவருக்கு இந்த ரிலேவை வாங்குவது பெரும்பாலும் பிஸ்கட் கம்பெனிகள்தான். சிப் மலிவு, துல்லியம் அதிகம், மாற்றினார். அணுமின் நிலையம் அவருடைய விற்பனையில் ஒரு தூசு. தூசு கேட்கிறது என்பதற்காக அவர் ஒவ்வொரு மாற்றத்தையும் கடிதம் எழுதிச் சொல்லிக்கொண்டிருப்பாரா?

ஆரம்பத்தில் கேட்ட விலைக் கேள்விக்கு இப்போது கணக்குப் போடலாம். எண்கள் என் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்டவை. ரிலே 8 ஆயிரம் ரூபாய். சோதனை, ஆவணம் எல்லாம் சேர்த்து 12 லட்சம். நிலையத்துக்கு வேண்டியது ஆறே ஆறு. தலைக்கு 2 லட்சத்து 8 ஆயிரம். ஃபிக்ஸட் காஸ்ட்டைச் சின்ன எண்ணால் வகுத்தால் இப்படித்தான் வரும், இதில் கொள்ளை எதுவும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி ஆறு வாங்கப் போகும்போது உள்ளே போர்டு மாறியிருந்தால் மறுபடியும் 12 லட்சம். அதற்கு ஒரே தடவையாக அறுபது வாங்கிக் குளிரூட்டிய ஸ்டோரில் வைத்துவிட்டால் தலைக்கு 28 ஆயிரத்தில் முடிந்துவிடும். முதலீடு வருடக்கணக்கில் முடங்கும், ஆடிட்டர் வந்து 'நகராத சரக்கு' என்று குறிப்பு எழுதுவார். எங்கள் புத்தகத்தில் இருக்கும் ஈ.ஓ.க்யூ. சூத்திரத்தில் ஆர்டர் செலவு உண்டு, சேமிப்புச் செலவு உண்டு. நாளைக்கு இதே பெயரில் வேறு பொருள் வரும் என்பதற்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது.